'தவிர்க்கவும்'னு எழுதுறப்பவே, அதுக்கு பதிலா என்ன குடுக்கணும்னும் எழுதிக் குடுங்க

குழந்தைக்கு ஆறு மாசம் ஆனதும் என்னென்ன ஊட்டணும்னு சார்ட் எழுதிக் குடுக்குற குழந்தை டாக்டர்கள், டயட்டீஷியன்கள், நர்ஸ்கள் எல்லாருக்கும் வணக்கம். ஒரு அலர்ஜி குழந்தையோட அம்மா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

என் பொண்ணுக்கு இப்ப ஒன்றரை வயசு. ஏழாவது மாசத்துல ஒரு நாள் காலைல நல்லா வேகவெச்ச முட்டைய மசிச்சு அரை ஸ்பூன் குடுத்தேன், சப்புக்கொட்டி சாப்பிட்டா, பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது, வாய சுத்தி சிவந்துச்சு, அப்புறம் கழுத்து, அப்புறம் வயித்துல கொசு கடிச்ச மாதிரி தடிப்பு தடிப்பா எழும்பி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து திட்டு திட்டா ஆயிடுச்சு, ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. தூக்கிட்டு ஓடுனோம். மூச்சுக்கு ஒண்ணும் ஆகல, அது வரைக்கும் தப்பிச்சோம்.

போன எடத்துல அவங்க முன்னாடி குடுத்திருந்த சார்ட்டயே கேட்டு வாங்கி பேனாவால அடிச்சாங்க. முட்டைய அடிச்சாங்க, சரி. பாலையும் அடிச்சாங்க, அதுவும் சரி, ஏன்னா முன்ன ஒரு தடவ ஃபார்முலா பால் குடுத்தப்பவே முகமெல்லாம் தடிச்சிருக்கு. ஆனா அதோட நிறுத்தாம கோதுமை, மீன், வேர்க்கடலை, சோயா, எள்ளு எல்லாத்தையும் "எதுக்கும் ஒரு சேஃப்டிக்கு"ன்னு சேர்த்து அடிச்சு, ஒரு வயசு தாண்டட்டும் பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து அந்த பேப்பர விரிச்சு பாக்குறேன், மிச்சம் இருந்தது அரிசிக் கஞ்சி, கேரட், உருளைக்கிழங்கு, ஆப்பிள், வாழைப்பழம். கறியும் பருப்பும் அந்த சார்ட்ல முதல்லேர்ந்தே ஒன்பது மாசத்துக்கு மேலன்னு தான் போட்டிருந்துச்சு.

ரெண்டரை மாசம் அந்த அஞ்ச வெச்சே ஓட்டுனேன். பயம் தான் காரணம், ஒரு தடவ அந்த தடிப்ப பாத்தவங்களுக்கு தெரியும், அதுக்கப்புறம் ஸ்பூன தூக்குறப்பவே கை நடுங்கும். வெயிட் அப்படியே நின்னுடுச்சு, எந்நேரமும் சோர்ந்து தோள்லயே கெடந்தா, பிளட் டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 8.9, அதாவது ரத்தசோகை. அலர்ஜியால வந்த கஷ்டம் ஒரு காலை நேரம், நாங்க ஒதுக்கி வெச்சதால வந்த கஷ்டம் ரெண்டரை மாசம். இத தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன்.

இரும்புச்சத்து கணக்க நீங்க எனக்கு சொல்லித் தர வேண்டியவங்க, ஆனா நான் தேடித் தேடி தெரிஞ்சுக்கிட்டேன். பொறக்கும்போது உடம்புல சேர்த்து வெச்சிருக்குற இரும்பு ஆறு மாசத்துக்கிட்ட கரைஞ்சுடுது, தாய்ப்பால்ல வர்றது அதுக்கப்புறம் பத்தாது. அமெரிக்காவுல வெச்சிருக்குற அளவுப்படி வளர்ந்த ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு, 7 மாசத்துலேர்ந்து 12 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைக்கு 11 மில்லிகிராம். என் கைய விட சின்ன வயிறு, அதுக்கு அவங்கப்பாவ விட அதிகம் இரும்பு வேணும். கேரட்டும் ஆப்பிளும் எங்கேர்ந்து இத குடுக்கும்? உலக சுகாதார நிறுவனம் 2023-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல 6 மாசத்துலேர்ந்து 23 மாசம் வரைக்கும் முட்டை, மீன், இறைச்சி மாதிரி உணவ தினமும் சேர்க்க சொல்றாங்க. அப்ப ஒரு குழந்தைக்கு முட்டைய அடிச்சீங்கன்னா அந்த எடத்துல கறியையோ பருப்பையோ எழுதாம விட முடியாது இல்லையா.

அடுத்தது இந்த "எதுக்கும் சேஃப்டிக்கு". 2000-ல அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் அகாடமி, அலர்ஜி வர வாய்ப்பு அதிகமா இருக்குற குழந்தைங்களுக்கு முட்டைய 2 வயசு வரைக்கும், வேர்க்கடலை, பாதாம் முந்திரி வகை, மீன் எல்லாத்தையும் 3 வயசு வரைக்கும் தள்ளிப்போட சொன்னது உண்மை தான். ஆனா தள்ளிப்போட்டா அலர்ஜி வராதுங்குறதுக்கு ஆதாரம் இல்லன்னு 2008-ல அவங்களே அத கைவிட்டுட்டாங்க. அப்புறம் 2015-ல லண்டன்ல நடந்த லீப் ஆய்வோட முடிவு வந்துச்சு. கடுமையான எக்ஸிமாவோ (தோல் வறண்டு சிவந்து அரிக்கிற நோய்) முட்டை அலர்ஜியோ இருக்குற 640 குழந்தைங்க, அதாவது என் பொண்ண மாதிரி குழந்தைங்க, பாதி பேருக்கு ஒரு வயசுக்குள்ளயே வேர்க்கடலைய ஆரம்பிச்சு விடாம குடுத்தாங்க, பாதி பேருக்கு அஞ்சு வயசு வரைக்கும் கண்ணுலயே காட்டல. அஞ்சு வயசுல பாத்தா, ஒதுக்கி வெச்சவங்கள்ல நூத்துக்கு 17 பேருக்கு வேர்க்கடலை அலர்ஜி, சாப்பிட்டவங்கள்ல நூத்துக்கு 3 பேருக்கு தான். நீங்க எல்லாம் இத படிச்சிருப்பீங்க. ஆனா நீங்க குடுக்குற சார்ட்டு இன்னும் 2000-லயே நிக்குது. அத நம்பி எத்தன அம்மாங்க குழந்தைய பாதுகாக்குறோம்னு நெனச்சு அலர்ஜிய வளர்த்துட்டு இருக்காங்களோ, நெனச்சாலே வயிறு எரியுது.

எங்கள காப்பாத்துனது அப்புறமா பாத்த அலர்ஜி டாக்டர் ஒருத்தர். முட்டை, பால் ரெண்டும் தான் பிரச்சனை, மத்தத எல்லாம் குழந்தைக்கு குடுத்தே ஆகணும்னார். வேர்க்கடலைக்கு மட்டும் தோல் டெஸ்ட் பாத்துட்டு அவர் ரூம்லயே வெச்சு ஆரம்பிச்சோம், ரெண்டு டீஸ்பூன் கட்டியில்லாத வேர்க்கடலை வெண்ணெய வெந்நீர் விட்டு இளக்கி, முதல்ல ஸ்பூன் நுனில ஒரு தொடு, பத்து நிமிஷம் பாத்தோம், ஒண்ணும் ஆகல, அப்புறம் மெதுவா மிச்சத்த. மத்தத வீட்டுலயே குடுக்க சொன்னார். சளி காய்ச்சல் இல்லாத நாளா பாத்து, காலைல, ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு புது அலர்ஜி உணவு, குடுத்த அப்புறம் ரெண்டு மணி நேரம் தூங்க வைக்காம கூடவே இருந்து பாக்கணும். ஒத்துக்கிட்டா அதோட விட்டுடக்கூடாது, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ தொடர்ந்து குடுக்கணும். இந்த கடைசி வரிய எந்த சார்ட்லயும் நான் பாத்ததில்ல.

இப்ப சமையலுக்கு வரேன், ஏன்னா எங்களுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு வேண்டியது இது தான், நாளைக்கு காலைல தட்டுல என்ன வைக்கிறது.

பால் இல்லாத குழந்தைக்கு முதல் கவலை கொழுப்பும் கால்சியமும். தாய்ப்பாலோ டாக்டர் எழுதுன ஸ்பெஷல் ஃபார்முலாவோ நிக்கக் கூடாது, அது தான் அஸ்திவாரம். மசியல் கெட்டியா இருந்தா நான் தாய்ப்பால் விட்டே இளக்குவேன், அந்த ருசி அவளுக்கு பழகுன ருசி, புது காய கூட மொகம் சுளிக்காம வாங்கிக்குவா. வெண்ணெய் போடுற எடத்துல ஒரு டீஸ்பூன் எண்ணெய், இல்லன்னா பழுத்த அவகாடோவ அப்படியே மசிச்சு சேர்க்கலாம். இதுல ஒண்ணு கட்டாயம் சார்ட்ல எழுதுங்க: ஆட்டுப்பால் மாற்று கிடையாது, பசும்பால் அலர்ஜி இருக்குற பத்துல ஒன்பது குழந்தைங்களுக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்காது. லாக்டோஸ் இல்லாத பாலும் மாற்று கிடையாது, அலர்ஜி பாலோட புரதத்துக்கு, அந்த புரதம் அதுலயும் அப்படியே தான் இருக்கு. எனக்கு இந்த ரெண்டையும் வாங்கிக் குடுக்க சொல்லி எத்தன பேர் சொன்னாங்க தெரியுமா, எல்லாம் பாசத்துல சொன்னது தான், குடுத்திருந்தா மறுபடி ஆஸ்பத்திரி.

முட்டை இல்லாத குழந்தைக்கு எங்க வீட்டுல வாரா வாரம் சுத்தி சுத்தி வர்றத சொல்றேன். பூசணியும் பருப்பும் ஒண்ணா குழைய வேகவெச்சு, எண்ணெய் விட்டு, இறக்குனதும் நாலு சொட்டு எலுமிச்சை, அந்த வைட்டமின் சி இருந்தா தான் பருப்புல இருக்குற இரும்பு உடம்புல நல்லா சேரும். கோழித் தொடைக்கறிய சக்கரவள்ளிக்கிழங்கோட பஞ்சு மாதிரி வேகவெச்சு, அந்த தண்ணிய கீழ கொட்டாம அதோடயே அடிச்சு, முதல் மாசம் நைஸா, அப்புறம் கொஞ்சம் கொரகொரன்னு. மீன வேகவெச்சு வெளக்கு வெளிச்சத்துல ரெண்டு தடவ விரலால தடவிப் பாத்து முள்ளு எடுத்துட்டு பட்டாணி சாதத்தோட பிசைஞ்சு. கொண்டைக்கடலைய தோல் நீக்கி எள்ளு விழுதோட அரைச்சு, வேகவெச்ச கேரட் துண்டு மேல தடவி கைல குடுத்துடுவேன். ஓட்ஸ் கஞ்சில வேர்க்கடலை வெண்ணெய் ஒரு டீஸ்பூன்.

அவளுக்கு ரொம்ப பிடிச்சது குட்டி பான்கேக். நல்லா கறுத்துப் போன வாழைப்பழம் ஒண்ண மசிச்சு, அது வாங்குற அளவுக்கு ஓட்ஸ் பொடி போட்டு அஞ்சு நிமிஷம் ஊற விட்டா முட்டையே இல்லாம பிடிச்சுக்கும், கல்லுல எண்ணெய் தடவி சின்ன தீயில உள்ளங்கை அளவுக்கு சுடணும், தீ கூடுனா வெளிய கருகி உள்ள மாவா நிக்கும். நீளநீளமா வெட்டி குடுத்தா ஒன்பது மாச கை அத இறுக்கி பிடிச்சு ரெண்டு பக்கமும் பிதுங்க பிதுங்க வாயில தள்ளும், அத பாக்க ரெண்டு கண்ணு பத்தாது.

கோதுமை ஆகாத குழந்தைக்கு அரிசி, சோளம், கிழங்குன்னு வழி ஈஸி. மீன் ஆகாதவங்களுக்கு கோழியும் முட்டையும் இருக்கு.

அலர்ஜி இருக்கோ இல்லையோ எல்லா குழந்தைக்கும் பொதுவானது சிலது இருக்கு, அத சின்ன எழுத்துல கடைசி வரியா போடாதீங்க. ஒரு வயசு வரைக்கும் தேன் கூடாது, ஒரு துளி கூட, அதுல இருக்குற கிருமி விதை குழந்தை குடல்ல நஞ்சாகும். கொட்டைகள் முழுசா கூடாது, பொடியாவோ விழுதாவோ தான். திராட்சைய நீளவாக்குல நாலா வெட்டணும். கைல குடுக்குற எதுவா இருந்தாலும் ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்குனா நசுங்கணும். ஒன்பது பத்து மாசத்துக்கு மேலயும் அலர்ஜி குழந்தைன்னு மிக்சில அடிச்சதே குடுத்துட்டு இருந்தா அப்புறம் மெல்லவே பழகாம அடம் பிடிக்கும், நான் அந்த தப்ப பண்ணி திருத்த ஒரு மாசம் ஆச்சு.

ஆபத்த சொல்ற பகுதிக்கு மட்டும் கொட்டை எழுத்து வேணும். தக்காளி, ஆரஞ்சு சாப்பிட்டு வாய சுத்தி மட்டும் லேசா சிவந்தா அது பெரும்பாலும் புளிப்பு பட்ட எரிச்சல் தான்னும், உடம்பெல்லாம் தடிப்பு, உதடு கண்ணு வீக்கம், விடாத வாந்தி வந்தா உடனே ஆஸ்பத்திரின்னும், மூச்சிரைப்பு, குரல் மாறுறது, துவண்டு போறதுன்னா அட்ரினலின் ஊசி தான் மருந்து, அலர்ஜி சிரப்ப குடுத்துட்டு காத்திருக்கக் கூடாதுன்னும் பிரிச்சு எழுதுங்க. இன்னொன்னு, சாப்பிட்டு ஒண்ணுலேர்ந்து நாலு மணி நேரம் கழிச்சு திரும்ப திரும்ப வாந்தி எடுத்து வெளுத்துப் போற ஒரு வகை இருக்கு, எஃப்பைஸ்னு பேரு, தடிப்பே வராது, தோல் டெஸ்ட்லயும் பெரும்பாலும் காட்டாது, அரிசிக்கும் ஓட்ஸுக்கும் கூட வரும். அரிசி எந்த குழந்தைக்கும் ஒண்ணும் பண்ணாதுன்னு நம்பிட்டு வயித்து கோளாறுன்னு மறுபடி மறுபடி கஞ்சியே குடுக்குற அம்மாவுக்கு இந்த ரெண்டு வரி தெரிஞ்சிருக்கணும்.

அதே மாதிரி டெஸ்ட் ரிப்போர்ட். பிளட் டெஸ்ட்ல பத்து பதினஞ்சு உணவுக்கு ஒண்ணா பாத்து, எதுக்கெல்லாம் பாசிட்டிவ்னு வருதோ அத்தனையையும் நிறுத்துன வீடுகள் எனக்குத் தெரியும், அதுல குழந்தை முன்னாடி நல்லா சாப்பிட்டுட்டு இருந்த உணவும் போயிடும். பாசிட்டிவ்னு வந்தாலே அலர்ஜின்னு அர்த்தம் இல்லன்னு நீங்க தான் எங்களுக்கு எடுத்து சொல்லணும், பேப்பர்ல தடிச்ச எழுத்துல நம்பர் வந்தா எங்களால தைரியமா ஊட்ட முடியாது.

உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தன குழந்தைங்க, ஒரு குழந்தைக்கு எத்தன நிமிஷம் கிடைக்கும்னு வெளிய பெஞ்சுல உக்காந்து பாத்தவ நான். எல்லாத்தையும் வாயால சொல்ல முடியாது, அதனால தான் சார்ட்டயே மாத்த சொல்றேன். ஒவ்வொரு அலர்ஜிக்கும் ஒரு வரி போதும்: இத நிறுத்துங்க, இதுல கிடைச்சது இந்த சத்து, அதுக்கு பதிலா இந்த மூணு சாப்பாடு, திரும்ப இந்த மாசம் வந்து பாருங்க. அந்த "திரும்ப வாங்க" ரொம்ப முக்கியம், முட்டையும் பாலும் நெறைய குழந்தைங்களுக்கு வளர வளர ஒத்துக்க ஆரம்பிக்கும், நல்லா வெந்த கேக் பிஸ்கட்ல இருக்குற முட்டைய முன்னாடியே தாங்குற குழந்தைங்களும் நெறைய, ஆனா அத வீட்டுல நாங்களா சோதிச்சு பாக்க முடியாது, நீங்க கூப்பிட்டா தான் வருவோம்.

பேனாவால அடிச்ச அந்த பழைய சார்ட் இன்னும் எங்க ஃப்ரிட்ஜ் கதவுல தான் இருக்கு, திருப்பி ஒட்டியிருக்கேன். பின்பக்கம் காலியா இருந்துச்சு, அதுல அவ சாப்பிட ஆரம்பிச்ச ஒவ்வொண்ணையும் தேதி போட்டு எழுதிட்டே வந்தேன், நேத்தோட 43 ஆச்சு. வேணும்னா காப்பி எடுத்து தரேன், உங்க அடுத்த சார்ட்டுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒன்றரை வயசு பொண்ணோட அம்மா