வழக்கு முடிந்த பிறகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தற்காப்புக்காகத் தாக்கியதில் ஆள் இறந்துபோனால் 'வீரப்பெண்' என்று தலைப்பு போடுகிறீர்கள். சரி, போடுங்கள். ஆனால் அதற்கப்புறம் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை.

எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா, பல வருடம் முன்பு ராத்திரி வீடு புகுந்து கழுத்தை நெரித்தவனைக் கைக்குக் கிடைத்த அம்மிக் குழவியால் அடித்தார், அவன் இறந்துவிட்டான். உயிருக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் இருந்தால் இது குற்றமில்லை என்று அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 100ஆவது பிரிவு சொன்னது, 2024 ஜூலையிலிருந்து அதுவே புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 38ஆவது பிரிவு. வழக்கும் ஒருவழியாக முடிந்தது.

அக்காவுக்கு அது இன்னும் முடியவில்லை. அம்மி கொல்லையில் பாசி பிடித்துக் கிடக்கிறது. விளக்கை அணைத்தால் தூக்கம் வராது. திட்டியவர்களைக்கூடத் தாங்கிக்கொண்டார், கல்யாண வீட்டில் 'பலே' என்று முதுகில் தட்டுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாங்கல்ல" என்று ஒருநாள் கேட்டார், எனக்குப் பதில் வரவில்லை. மணிக்கணக்கில் விசாரித்தவர்களில் ஒருவர்கூட 'தூங்குறீங்களாம்மா' என்று கேட்கவில்லையாம்.

டெலிமானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416, 2022-லிருந்து இருக்கிறது. இப்படிச் செய்தி போடும்போது கீழே அதையும் ஒரு வரி அச்சிடலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை