71ஆம் நிமிடத்திலிருந்து

அன்பான எல்லோருக்கும்,

அப்பா நேற்று மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த கையோடு தேத்தண்ணி கேட்டார், சீனி காணாது என்று முகத்தைச் சுளித்தார். ஆள் சரி. அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு உதைபந்தாட்ட மட்ச் பார்க்கப் போன இடத்தில் அவருக்குத் திடீரென்று ஏலாமல் போனது உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

"இந்தக் குளிருக்குள்ள இந்த வயசு மனிசனை ஏன் கூட்டிக்கொண்டு போனாய்?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் போகவேண்டும் என்று நின்றது அவர்தான். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் வெறுங்காலோடு இடது பக்கம் ஓடியவர், உதைபந்தாட்டம் என்றால் சாப்பாடும் வேண்டாம். லண்டன் உதைபந்தாட்டக் கழகமான ஏஎஃப்சி விம்பிள்டனின் கதையைப் பேரன் சொன்ன நாளிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டார். பழைய விம்பிள்டன் கழகம் 1991இல் பிளவ் லேன் தெருவில் இருந்த தன் மைதானத்தை விட்டுப் போனது. பிறகு 2002இல் கழகத்தையே வேறு ஊரான மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் ரசிகர்களே தங்களுக்கென்று ஒரு கழகத்தைத் தொடங்கினார்கள். 2020 நவம்பரில் அந்தத் தெருவுக்கே திரும்பி வந்து, நாய் ஓட்டப் பந்தயம் நடந்த இடத்தில் புது மைதானம் கட்டி விளையாடினார்கள். கொரோனா காலம், முதல் ஆட்டத்தைப் பார்க்க ரசிகர்கள் உள்ளே போக முடியவில்லை. "அப்ப இதுகளும் இடம்பெயர்ந்து திரும்பின சனம்தான்" என்றார் அப்பா. 95 இடப்பெயர்வில் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர் அவர். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஹேடன்ஸ் ரோட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். அடுக்குமாடிகளுக்கு நடுவே மைதானத்து வெளிச்சம் தெரிந்ததும் அவருடைய நடை வேகமானது. அதுதான் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஓடிவந்த மைதான ஊழியர்களுக்கும், வழிவிட்டு எழும்பி நின்ற அந்த வரிசை முழுக்கவும், அம்புலன்ஸ்காரருக்கும், தாதிமாருக்கும், ரூட்டிங்கிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்த அக்காமாருக்கும், கோயிலில் அர்ச்சனை செய்வித்தவர்களுக்கும் என் நன்றி. தனித்தனியே சொல்ல வேண்டியவர்கள் நீங்கள், கோபிக்கவேண்டாம்.

இன்னொருவர் இருக்கிறார். பெயர் தெரியாது. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த வெள்ளைக்கார அம்மா, மஞ்சளும் நீலமுமாக ஸ்கார்ஃப், கையில் ஃபிளாஸ்க். நான் அப்பாவோடு அம்புலன்ஸில் ஏறவேண்டும், பத்து வயது மகனை யாரிடம் விடுவது? "இவன் என்னோடு இருக்கட்டும்" என்றார். ஊழியர் ஒருவரும் பக்கத்தில் வந்து நின்றார். என் கணவர் வேலையிலிருந்து ஓடி வரும்வரை அவர்தான் பிள்ளையை வைத்திருந்தார்.

மகன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கழுத்தில் அவருடைய ஸ்கார்ஃப். கையில் எண்ணெய் ஊறிய சிப்ஸ் பெட்டியின் மூடி. அதன் வெளிப்பக்கம் முழுக்கப் பேனாவால் எழுத்து. அப்பா பார்க்காமல் விட்ட மிச்ச ஆட்டத்தை நிமிடக் கணக்கோடு, எண்ணெய் பட்ட இடங்களில் மை பிடிக்காமல் அழுத்தி அழுத்தி எழுதியிருந்தார்:

71 – கோர்னர். பிரயோசனமில்லை.
76 – எங்கள் பெடியனை விழுத்தினார்கள். நடுவருக்குக் கண் தெரியாது.
82 – கோல்! இல்லை, ஒஃப்சைடாம். உங்கள் பேரன் நம்பவில்லை. நானும்தான்.
88 – என் சிப்ஸ் முடிந்துவிட்டது. ஏன் என்று பேரனிடம் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்கிறேன். முடிவை மட்டும் அவர் எழுதவில்லை. "அதை நீயே தாத்தாவுக்குச் சொல்லு" என்றாராம்.

அடுத்த நாள் காலை அப்பா கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "மட்ச் என்ன மாதிரி?" மகன் மூடியைப் பிடித்துக்கொண்டு வரிவரியாக வாசித்தான். கடைசியில், "தோத்துட்டம் தாத்தா." முகமூடிக்குள் அப்பா சிரித்தது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் நான் வெளியே போய் அழுதேன்.

முதலுதவி வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் கை ஒன்றும் தெரியாமல் தொங்கிக்கொண்டு நின்றது, இனி அப்படி நிற்கக்கூடாது.

ஸ்கார்ஃபைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறோம். டொக்டர் விட்டால் அடுத்த மாதம், இல்லாவிட்டால் அதற்கடுத்த மாதம், அதே வரிசைக்குப் போவோம். அப்பாவும் வருவாராம். நன்றி சொல்வது இருக்கட்டும், முதலில் அந்த 82ஆம் நிமிடத்தைப் பற்றி அந்த அம்மாவிடம் நேரில் விசாரிக்கவேண்டுமாம்.