கிழிந்த ரெக்சினைப் பற்றி மகளுக்கு

அம்பாசமுத்திரம்,
ஆனி மாதம்.

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம். உங்கள் மூவரின் நலம் அறிய ஆவல்.

பேரன் சோபாவின் ரெக்சினைக் கிழித்துவிட்டான் என்றும், கோயம்புத்தூரில் நீ விசாரித்த குஷன் கடைக்காரர் முழு உறையையும் மாற்றியாக வேண்டும் என்கிறார் என்றும் நேற்றுச் சொன்னாய். முப்பது ஆண்டுகள் அந்தத் தொழிலில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: படத்தில் தெரியும் மூன்று அங்குலக் கிழிசலுக்கு அவ்வளவு செலவு வேண்டாம். போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கிழிசலின் ஓரத்தை விரலால் கிள்ளி மடக்கிப் பார். வெடிக்காமல் வளைந்து கொடுத்தால் ஒட்டலாம். மேல்தோல் மட்டும் செதில் செதிலாக உதிர்ந்து அடித்துணி தெரிந்தால், அது பெரும்பாலும் பி.யூ., அதாவது பாலியூரித்தேன் என்னும் வேறு சரக்கு. அதை ஒட்டி மாளாது, கடைக்காரர் சொன்னபடியே செய்துவிடு.

ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தில் ஒரு வணிகப் பெயர். அக்காலத்தில் துணியின்மேல் செல்லுலோஸ் பூச்சுப் பூசி அதைச் செய்தார்கள். இப்போது அந்தப் பெயரில் நாம் வாங்குவது பி.வி.சி., அதாவது நம் வயல் மோட்டாருக்குப் போட்டிருக்கும் குழாயின் அதே பிளாஸ்டிக். இயல்பில் விறைப்பான அதில் எண்ணெய் போன்ற ஓர் இளக்கியைக் கலந்து துணிமேல் பூசுவதால்தான் அது தோல்போல வளைகிறது. வெயிலும் சூடும் அந்த இளக்கியை மெல்ல மெல்ல வெளியேற்றிவிடும். தலை சாயும் இடத்தில் தேங்காயெண்ணெயும் அதையே செய்யும். சாய்மானத்தில் தேங்காய்ப்பூத் துண்டு போடாமல் உட்காரக் கூடாது என்று உன் அம்மா என்னோடு சண்டை பிடித்தது அழுக்குக்காகத்தான் என்றாலும், நியாயம் அவள் பக்கமே இருந்தது.

கிழிசலை மேலிருந்து ஒட்டாதே. அடித்துணி அறுந்துவிட்டதால்தான் அது வாய் பிளக்கிறது. ஆகவே பலம் அடியிலிருந்து வர வேண்டும். மெத்தை உறையில் ஜிப் இருந்தால் ஃபோமை வெளியே எடுத்து உறையைத் தளர விடு, பாதி வேலை முடிந்தது. சோப்பு நீரால் துடைத்து, காய்ந்தபின் ஒட்டும் பகுதியை ஸ்பிரிட்டால் மீண்டும் துடை. தொங்கும் நூல்களை நறுக்கிவிட்டு, பழைய ஜீன்ஸ் துணியில் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் பெரிதாக ஓர் ஒட்டு வெட்டிக்கொள்; அதன் முனைகளை வட்டமாக்கு, கூர்முனை சுருண்டு மேலே தடித்துத் தெரியும். ஜிப் இல்லையென்றால் அந்த ஒட்டைச் சுருட்டிக் கிழிசலுக்குள் நுழைத்துக் கரண்டிக் காம்பால் விரித்துவிடு. ஒட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒரு பாலிதீன் தாள் இருக்கட்டும். பசை ஃபோமில் பிடித்தால் அந்த இடம் குழி விழும்.

பசையில்தான் பலரும் தவறுகிறார்கள். ரெக்சினுக்கென்று கேட்டு, காய்ந்த பிறகும் வளைந்து கொடுப்பதையே வாங்கு. குழாய் ஒட்டும் பசையும் சரி, நொடியில் பிடிக்கும் சொட்டுப் பசையும் சரி, காய்ந்தால் கல்லாகிவிடும். கடை வைத்த புதிதில் ஒரு சலூன் நாற்காலியை அப்படிச் சொட்டுப் பசையால் ஒட்டிக் கொடுத்தேன். இறுகிய ஓரம் உட்கார்ந்தவர்களைக் கீறியதோடு, பக்கத்திலேயே புதிதாகவும் கிழிந்தது. கூலி வாங்காமல் முழு உறையையும் மாற்றிக் கொடுத்தேன்.

ஈர்க்குச்சியால் பசையை ஒட்டின் மேலும் ரெக்சினின் அடியிலும் மெல்லியதாகத் தடவு. ஒரு பக்க உதட்டை முதலில் அமர்த்தி, மறுபக்கத்தை அதன்மேல் ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து அழுத்து. மேலே பாலிதீனும் பலகையும் வைத்துப் பாரம் ஏற்று. சன்னல்களைத் திறந்து வை. அடுப்பு எரியும்போது செய்யாதே, அந்தப் பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது. ஒரு முழு நாள் யாரும் உட்கார வேண்டாம். உங்கள் ஊரிலும் மழை பிடித்திருந்தால் இரண்டு நாளாகட்டும். தழும்பு கொஞ்சம் தெரியத்தான் செய்யும். அதை மறைக்க ஷூ பாலிஷ் தடவலாம் என்று மாப்பிள்ளை சொல்லக்கூடும். அது உட்காருகிறவர் வேட்டியில்தான் ஒட்டும்.

தையல் ஓரத்தில் விட்டிருந்தால் பசை நிற்காது. வளைந்த ஊசியில் நைலான் நூல் கோத்து, பழைய துளைகளிலேயே தைக்க வேண்டும். புதுத் துளை போட்டால் தபால்தலைத் தாள்போல வரிசையாகக் கிழிந்துவிடும்.

உன் அம்மா அனுப்பும் வடகப் பார்சலில், கடையில் மிஞ்சிய பழுப்பு ரெக்சின் ஒரு முழமும் வளைந்த ஊசி இரண்டும் வைத்திருக்கிறேன். முதலில் அந்தத் துண்டைக் கிழித்து ஒட்டிப் பழகிக்கொள். ஊசிகளைப் பேரன் கைக்கு எட்டாத இடத்தில் வை.

அன்புடன்,
அப்பா