அமெச்சூர் எம்.எம்.ஏ. போட்டிகளுக்குத் தனி விதிகள் கோரும் மனு

அனுப்புநர்:
அமெச்சூர் எம்.எம்.ஏ. பயிற்சியாளர், வீரர்கள் மற்றும் பெற்றோர் சார்பாக

பெறுநர்:
மதிப்பிற்குரிய செயலாளர் அவர்கள்,
விளையாட்டுத் துறை

பொருள்: தொழில்முறை எம்.எம்.ஏ. விதிகளில் வரும் மாற்றங்கள் அமெச்சூர் போட்டிகளுக்குத் தானாகவே பொருந்துவதை நிறுத்தி, தனி விதித்தொகுப்பும் போதிய கால அவகாசமும் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் அமெச்சூர் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த கலப்புத் தற்காப்புக்கலை) வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பணத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் இல்லை. படிக்கிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை கேஜுக்குள் (சண்டை நடக்கும் கம்பிவலைக் கூண்டுக்குள்) இறங்கினாலும் திங்கட்கிழமை காலையில் தெளிவான தலையோடு வகுப்பிலோ அலுவலகத்திலோ உட்கார வேண்டியவர்கள். அவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவிட்டு முதல் வரிசையில் பதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்காகவும் இந்த மனுவை எழுதுகிறேன்.

விதிகள் மாறவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இன்று எம்.எம்.ஏ. ஒரு முறையான விளையாட்டாக நிற்கிறது என்றால் அதற்குக் காரணமே விதிகள்தான். 2001-இல் நியூ ஜெர்சியில் உருவான ஒருங்கிணைந்த விதிகள் வந்த பிறகுதான் எடைப்பிரிவு, ரவுண்ட் நேரம், எவையெல்லாம் தவறு என்பதெல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தன. அந்த விதிகளிலும் குறை இருந்தது. மேலிருந்து நேர் கீழாக இறக்கும் முழங்கை அடி தவறு என்று இருந்ததால்தான் 2009 டிசம்பரில் ஜான் ஜோன்ஸ் என்ற தொழில்முறை வீரர், தன் கை ஓங்கியிருந்த சண்டையிலேயே தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வேறு கோணத்தில் அதே முழங்கையால் அடித்தால் செல்லும், இந்தக் கோணத்தில் மட்டும் செல்லாது என்பதில் பெரிய நியாயம் இல்லை. 2024-இல், எம்.எம்.ஏ. விதிகளையும் வகுக்கும் அமெரிக்கக் குத்துச்சண்டை ஆணையங்களின் கூட்டமைப்பு அந்தத் தடையை எடுத்துவிட்டது. நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தொழில்முறை வீரர்களைப் பொறுத்தவரை அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

எங்கள் கவலை அதே நாளில் நடைமுறைக்கு வந்த இன்னொரு மாற்றத்தைப் பற்றியது. முழங்கை விஷயம் அளவுக்கு அது பேசப்படவில்லை.

'தரையில் இருக்கும் வீரர்' யார் என்ற வரையறைதான் அது. தரையில் இருப்பவரின் தலையில் உதைக்கக் கூடாது, முழங்காலால் இடிக்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் யாரைத் தரையில் இருப்பவராகக் கணக்கில் எடுப்பது என்பது இரண்டு முறை மாறியிருக்கிறது. முன்பு ஒரு கை தரையைத் தொட்டாலே போதும். 2017 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் இரண்டு கைகளும் ஊன்றியிருக்க வேண்டும் என்றார்கள். 2024 திருத்தத்தின்படி கைகள் கணக்கிலேயே வராது. முழங்கால், இடுப்பு என்று கை, பாதம் தவிர்த்த ஏதாவது ஒரு பகுதி தரையில் பட்டால்தான் அவர் தரையில் இருப்பவர்.

தொழில்முறையில் இதற்கு நல்ல காரணம் இருந்தது. அடி விழாமல் தப்பிக்க ஒரு கையைத் தரையில் தொட்டுத் தொட்டு எடுக்கும் தந்திரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் அமெச்சூரில் நிலைமை வேறு. பெரும்பாலான அமெச்சூர் விதிகளில் முழங்கை அடியும், தலையில் முழங்கால் இடியும் ஏற்கெனவே தடை. தலையில் காலால் உதைப்பதற்கோ பல இடங்களில் தடை இல்லை. இந்த நிலையில் 'தரையில் இருப்பவர்' என்பதன் பொருளை மட்டும் தொழில்முறைப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டால், டேக்டவுனில் (எதிராளி பிடித்துக் கீழே தள்ளியதில்) விழுந்து, இரண்டு கைகளையும் ஊன்றி, பாதங்களைத் தரையில் பதித்து எழுந்துகொண்டிருக்கும் ஒரு புதியவரின் தலையில் எதிராளி முழு வேகத்தில் உதைக்கலாம் என்று ஆகிவிடும். அமெச்சூர் விதிகளைத் திருத்த யாரும் உட்காரவில்லை, இதை யாரும் விவாதிக்கவும் இல்லை. வேறொரு புத்தகத்தில் ஒரு வரி மாறியதும் இங்கே ஒரு பாதுகாப்பு காணாமல் போகிறது.

இதில் பயிற்சி சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். கீழே விழுந்தால் கைகளை ஊன்றி எழு என்பது மல்யுத்தத்திலிருந்து வந்த அடிப்படைப் பாடம். அதைத்தான் இத்தனை வருடமும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். உடம்பு யோசிக்காமல் செய்யும் அளவுக்கு ஊறிய பழக்கம் அது. விதி மாறிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தால் மூளைக்குப் புரிந்துவிடும். ஆனால் மூன்றாவது ரவுண்டில் மூச்சு வாங்கும்போது உடம்பு பழையபடிதான் எழும். தொழில்முறை வீரருக்கு முழுநேரப் பயிற்சியும், கூடவே பயிற்சியாளர் குழுவும் இருக்கும். என் மாணவருக்கு வேலை முடிந்து வந்தபின் கிடைக்கும் நேரம் மட்டும்தான். ஒரு பழக்கத்தை மாற்ற அவருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

அப்புறம் மதிப்பெண். 2017 திருத்தத்திலிருந்து ஜட்ஜுகள் முதலில் பார்க்க வேண்டியது விளைவு தரும் அடியும் பிடியும்தான். ஆக்ரோஷம், கேஜின் நடுப்பகுதியைத் தன் வசம் வைத்திருப்பது இவையெல்லாம் முதல் அளவுகோலில் இருவரும் சமமாக இருந்தால் மட்டுமே கணக்கில் வரும். ஒரு ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு வழக்கமாக 9; பெரிய வித்தியாசத்தில் தோற்றால் 8. அந்த 10-8 கொடுக்கவும் ஜட்ஜுகள் முன்பு போல் தயங்க வேண்டியதில்லை என்று ஆனது. ஐந்து நிமிட ரவுண்டில் இதற்கு இடம் இருக்கிறது. அமெச்சூரில் பொதுவாக மூன்று நிமிட ரவுண்டுகள் மூன்று, ஆக மொத்தம் ஒன்பது நிமிடம்தான். அதில் ஒரு ரவுண்டில் 8 வாங்கியவர் மற்ற இரண்டையும் 10-9 என்று ஜெயித்தாலும் 28-28 சமநிலைதான் கிடைக்கும். பதக்கச் சுற்றில் சமநிலைக்கு இடமில்லை. யாரையாவது ஒருவரை அறிவித்தே ஆக வேண்டும். இதைக் கவனிக்கிற மாணவர் பொறுமையாகப் பிடியில் வேலை செய்வதை விட்டுவிட்டு முதல் ரவுண்டிலேயே வெறித்தனமாக அடிக்கத் தொடங்குகிறார். திறமையை வளர்க்க வேண்டிய கட்டத்தில், எதிராளிக்குச் சேதம் உண்டாக்கினால்தான் வெற்றி என்ற எண்ணம் அவருக்குள் பதிவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

உலக அளவில் அமெச்சூருக்குத் தனிப் பாதை ஏற்கெனவே இருக்கிறது. 2012-இல் தொடங்கப்பட்ட ஐ.எம்.எம்.ஏ.எஃப். (சர்வதேச அமெச்சூர் எம்.எம்.ஏ. கூட்டமைப்பு) தன் போட்டிகளுக்கென்று தனி விதிகளை வைத்திருக்கிறது. அங்கே ஷின் கார்டு (கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே அணியும் கவசம்) கட்டாயம், முழங்கை அடி கிடையாது, ஹீல் ஹூக் (குதிகாலைப் பிடித்து முறுக்கும் பிடி) கிடையாது. ஹீல் ஹூக்கைத் தவிர்ப்பதன் காரணம் எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியும்: வலி தெரிந்து, தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதற்குள் முழங்கால் தசைநார் கிழிந்துவிடும். தங்கள் துறை எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

பாதுகாப்புக் கவசம் பற்றிய முடிவுகளையும் அவசரமாக எடுக்கக் கூடாது. அமெச்சூர் குத்துச்சண்டையில் 2013-இல் ஆண்களுக்குத் தலைக்கவசத்தை எடுத்தார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் ஆண்கள் கவசமின்றியே மோதினார்கள். மூளை அதிர்ச்சியில் அதன் விளைவு என்ன என்று வாதம் நீண்டுகொண்டே போனது. ஒரு கவசத்தைச் சேர்த்தாலும் நீக்கினாலும் போட்டியாளர் அடிக்கிற விதமும் அடி வாங்குகிற விதமும் மாறும். அதனால் மருத்துவரின் கருத்து இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

கடுமையான விதி போட்டு அமெச்சூர் போட்டிகளையே முடக்கிவிடுங்கள் என்று யாராவது தங்களிடம் சொல்லக்கூடும். தயவுசெய்து அதற்கு இணங்க வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் தொழில்முறை எம்.எம்.ஏ. மீதான தடை 2016-இல்தான் நீங்கியது. அதுவரை அங்கே அமெச்சூர் சண்டைகள் நின்றுவிடவில்லை. அரசின் கண்காணிப்பு இல்லாமல் நடந்துகொண்டுதான் இருந்தன. கதவை மூடினால் இளைஞர்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள். மருத்துவர் இல்லாத இடத்துக்குப் போவார்கள்.

எனவே தங்களிடம் நாங்கள் வேண்டுவது இவைதான். தொழில்முறை விதியில் எந்த மாற்றம் வந்தாலும், அமெச்சூர் விதித்தொகுப்பில் தனியாகப் பரிசீலித்து ஏற்கும்வரை அது இங்கே செல்லாது என்று ஓர் ஆணை வேண்டும். அந்தத் தொகுப்பில் 'தரையில் இருக்கும் வீரர்' என்பதற்குச் சொந்த வரையறை இருக்க வேண்டும். ஒரு கை ஊன்றியிருந்தாலே தலையில் உதைக்கத் தடை என்று அது சொல்ல வேண்டும். ஏற்கப்படும் எந்த மாற்றத்துக்கும் குறைந்தது ஆறு மாத அவகாசம் தரப்பட வேண்டும், ஒரு போட்டிப் பருவத்தின் நடுவில் எதுவும் மாறக் கூடாது. அந்த ஆறு மாதத்துக்குள் நடுவர்களுக்கும் ஜட்ஜுகளுக்கும் பயிற்சியும் தேர்வும் நடத்த வேண்டும். பழைய விதியை மனதில் வைத்திருக்கும் ஒரு நடுவரும், புதிய விதியை நம்பி உதைக்கும் ஒரு வீரரும் ஒரே கேஜுக்குள் இருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

கூடவே, ஒவ்வொரு அமெச்சூர் வீரருக்கும் ஒரு பதிவேடு வேண்டும். நாக் அவுட் ஆனவருக்கு மருத்துவ ஓய்வு விதித்தால் அது எல்லா அமைப்பாளர்களுக்கும் தெரிய வேண்டும். இன்று ஒரு போட்டியில் ஓய்வு விதிக்கப்பட்டவர் இரண்டு வாரத்தில் வேறு விதியின் கீழ், வேறு அமைப்பாளரின் போட்டியில் இறங்கினால் தடுக்க வழி இல்லை. எங்கள் கோரிக்கைகளில் ஒன்றை மட்டும்தான் உடனே செய்ய முடியும் என்றால், இந்தப் பதிவேட்டையும் தலை உதைத் தடையையும் சேர்த்து ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றே கேட்பேன்.

விதிகளைப் பரிசீலிக்கும் குழுவில் மருத்துவர், நடுவர், அமெச்சூர் பயிற்சியாளர் ஆகியோருடன் தற்போது போட்டியிடும் ஒரு வீரரும் ஒரு வீராங்கனையும் கட்டாயம் இடம்பெற வேண்டும். தாங்கள் அழைத்தால் நேரில் வந்து, மேற்சொன்ன நிலைகளைப் பாயில் செய்து காட்டவும் தயாராக இருக்கிறோம். இந்த வரையறை விஷயம் காகிதத்தில் படிப்பதைவிடக் கண்ணால் பார்த்தால் எளிதில் விளங்கும்.

அடுத்த போட்டிப் பருவத்துக்கான அறிவிப்பு வெளியாகும் முன் இம்மனுவைப் பரிசீலித்து, எடுக்கப்பட்ட முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அமெச்சூர் எம்.எம்.ஏ. பயிற்சியாளர்
(வீரர்கள் மற்றும் பெற்றோரின் கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)