சிவசாமிக்கு, பாப்பாவின் சப்ளை செயின் படிப்பு பற்றி

கோவை

அன்புள்ள சிவசாமிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பாப்பாவுக்கு எம்.பி.ஏ. சப்ளை செயின் மேனேஜ்மென்டில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். "லாரி புக்கிங் ஆபீஸில் உட்காருவதற்கு எதற்கப்பா இரண்டு வருஷப் படிப்பு?" என்று நீ எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் கேட்கிற கேள்வியா அது? உன் மேஜையில் தினமும் குவிகிற டி.சி. (சரக்கோடு வரும் டெலிவரி சலான்), ஜி.ஆர்.என். (சரக்கு வந்ததற்கான வரவுச் சீட்டு), ஜாப் ஒர்க் பில் எல்லாம் சேர்ந்ததுதான், நூல் வாங்குவதிலிருந்து சரக்கு வாங்குகிறவர் கைக்குப் போகும்வரை உள்ள சங்கிலிதான், அந்தப் படிப்பு. லாரி அதில் ஒரு பாடம், அவ்வளவுதான்.

வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறதே, என்ன படிக்கச் சொல்லட்டும் என்று கேட்டிருந்தாய். தடித்தடியாகப் புத்தகம் வாங்கித் தராதே. புள்ளியியலைத் தூசு தட்டச் சொல். சராசரி, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகின்றன என்ற அளவு), நார்மல் பரவல் (சராசரியைச் சுற்றி மணி வடிவில் எண்கள் பரவுவது) இந்த மூன்றும் விரல் நுனியில் இருந்தால் முதல் வருஷத்தில் பாதி பயம் போய்விடும். எக்செல்லில் பிவட் டேபிள், சம்இஃப்ஸ், எக்ஸ்லுக்அப், சால்வர் நான்கும் கைக்குப் பழக வேண்டும். எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி அனுப்பினால் செலவு குறையும் என்ற கணக்கை சால்வரில் ஒரு தடவை தானே போட்டுப் பார்த்தால் லீனியர் புரோகிராமிங் பாடம் விளங்கிவிடும்.

கணக்குப் போட வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 10,000 டி-ஷர்ட் ஆர்டர், 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணி என்று வைத்துக்கொள். உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, மொத்தம் 104. பாதி மார்பளவு 54, கூட 4, ஆக 58. 104ஐ 58ஆல் பெருக்கி, முன்னும் பின்னும் உண்டென்பதால் இரண்டால் பெருக்கி, 180ஆல் பெருக்கி, 10,000ஆல் வகுத்தால் ஒரு பீசுக்கு 217 கிராம். மெர்ச்சன்டைசர்கள் தூக்கத்தில்கூடப் போடும் கணக்கு இது. தப்பு நடப்பது இதற்கு அடுத்த வரியில். கட்டிங்கில் 10 சதவீதம், சாயத்தில் 8, நிட்டிங்கில் 2 சேதாரம் என்றால் பலர் 2,170 கிலோவை 1.10, 1.08, 1.02 ஆல் பெருக்கி 2,630 கிலோ நூலுக்கு ஆர்டர் போடுகிறார்கள். உள்ளே போவதில்தான் 10 சதவீதம் சேதாரம். அதனால் 0.90, 0.92, 0.98 ஆல் வகுக்க வேண்டும். அப்படிச் செய்தால் 2,674 கிலோ வரும். வித்தியாசம் 44 கிலோதானே என்று தோன்றும். அது ஏறக்குறைய 165 டி-ஷர்ட். கட்டிங் மேஜையில் துணி தீர்ந்த பிறகுதான் இது தெரியவரும். அந்த 44 கிலோவைத் தனி லாட்டாகச் சாயம் போட்டால் ஷேட் ஒத்துவராது, ஒரு வாரமும் போகும். பாடத்தில் இதை பில் ஆஃப் மெட்டீரியல் (ஒரு பொருளுக்கு என்னென்ன எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல்), எம்.ஆர்.பி. (மூலப்பொருள் தேவையைத் திட்டமிடுவது, விலை எம்.ஆர்.பி. இல்லை) என்பார்கள். பெயர் புதிதாக இருக்கும், விஷயம் உன் பாப்பா சின்ன வயசிலிருந்து வீட்டில் காதில் வாங்கியதுதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தப் படிப்பில் என்னால் ஒரே ஒரு வகுப்புதான் எடுக்க முடியும் என்றால் இதைத்தான் எடுப்பேன். சேஃப்டி ஸ்டாக், அதாவது அவசரத்துக்கு என்று கையில் வைத்திருக்கும் சரக்கு.

ஏற்றுமதி அட்டைப்பெட்டியையே எடுத்துக்கொள். ஒரு நாளைக்குச் சராசரி 100 பெட்டி செலவாகிறது, திட்டவிலக்கம் 20. ஆர்டர் போட்டால் வந்து சேர 9 நாள். 100 தடவை ஆர்டர் போட்டால் 95 தடவை தட்டுப்பாடு வரக்கூடாது என்றால் நார்மல் பரவல் அட்டவணையில் அதற்கான எண் 1.65. புத்தகக் கணக்கு: 1.65 பெருக்கல் 20 பெருக்கல் 9இன் வர்க்கமூலம் 3. ஆக 99 பெட்டி. ஒன்பது நாள் செலவு 900ஐச் சேர்த்தால், கையிருப்பு 999க்கு இறங்கும்போது அடுத்த ஆர்டர் போக வேண்டும். பரீட்சையில் முழு மதிப்பெண்.

ஆனால் பெட்டிக்காரர் எல்லாத் தடவையும் ஒன்பதாம் நாளே கொண்டுவந்து இறக்குகிறாரா? ஒரு தடவை 7, ஒரு தடவை 12. அந்த நாட்களின் திட்டவிலக்கம் 2 என்று வை. இப்போது 20இன் வர்க்கம் 400ஐ 9ஆல் பெருக்கு, 3,600. சராசரி செலவு 100இன் வர்க்கம் 10,000ஐ 2இன் வர்க்கம் 4ஆல் பெருக்கு, 40,000. கூட்டினால் 43,600. வர்க்கமூலம் எடுத்து 1.65ஆல் பெருக்கினால் 345. தொண்ணூற்றொன்பது எங்கே, முந்நூற்று நாற்பத்தைந்து எங்கே! 3,600ஐயும் 40,000ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல். தட்டுப்பாட்டுக்குக் காரணம் யார் என்று அந்த இரண்டு எண்களே காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் இன்னொரு சோதனை. கம்ப்யூட்டர் மென்பொருள், ஃபோர்காஸ்டிங் நிபுணர் என்று செலவழித்து, தினசரிச் செலவின் ஏற்ற இறக்கத்தை 20இலிருந்து 10ஆகக் குறைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள். 345 வெறும் 334 ஆகிறது. அதற்குப் பதில் பெட்டிக்காரரிடம் உட்கார்ந்து பேசி, பில்லை நாள் தவறாமல் தீர்த்து, வரும் நாளின் விலக்கத்தை 2இலிருந்து 1ஆகக் குறைத்தால் 192. ஆனாலும் எல்லோரும் ஃபோர்காஸ்ட் பின்னால்தான் ஓடுகிறார்கள். பெட்டிக்காரரோடு பேசுவதற்கு மென்பொருள் டெமோ கிடையாதே!

அந்த 95ஐப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 100 ஆர்டர் சுற்றில் 95இல் தட்டுப்பாடு இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். கேட்ட சரக்கில் 95 சதவீதம் கொடுத்தோம் என்பது வேறு அளவு, அதற்கு ஃபில் ரேட் என்று பெயர். நேர்முகத் தேர்வில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாட்டுகிறவர்கள் ஏராளம்.

சூத்திரம் ஐந்து நிமிஷ வேலை. எண்களைச் சுத்தம் செய்யத்தான் வாரக்கணக்கில் ஆகும். சரக்கு இல்லாத நாளில் செலவு பூஜ்யம் என்று பதிவாகியிருக்கும், அதைத் தேவை பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் சராசரி கீழே இறங்கிவிடும். ஆர்டர் போட்ட தேதியிலிருந்து எண்ண வேண்டிய நாட்களை, பெட்டிக்காரர் பில் போட்ட தேதியிலிருந்து எண்ணியிருப்பார்கள். 1,000 பெட்டிக்கு ஆர்டர் போட்டு 600 முதலிலும் 400 ஒரு வாரம் கழித்தும் வந்திருந்தால், முதல் ஜி.ஆர்.என். தேதியோடு ஆர்டரை முடித்துவிடுவார்கள். ஸ்டோர்ஸில் கட்டுக் கணக்கு, பர்ச்சேஸில் பெட்டிக் கணக்கு என்று அலகே வேறாக இருப்பதும் உண்டு. வகுப்பில் கொடுக்கிற டேட்டாவில் இந்த அழுக்கு எதுவும் இருக்காது. அதனால்தான் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் வேலைக்குப் போன முதல் மாதம் விழிக்கிறார்கள்.

முதல் செமஸ்டரிலேயே பீர் கேம் என்று ஒரு விளையாட்டு ஆடவைப்பார்கள். பெயரைக் கேட்டு உன் வீட்டில் கலவரமாகிவிடப் போகிறது, முன்கூட்டியே சொல்லிவிடு. எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் குழு 1960 வாக்கில் உருவாக்கியது. சில்லறைக் கடை, மொத்தக் கடை, விநியோகஸ்தர், ஆலை என்று நாலு இடம். ஆளுக்கு 12 பெட்டி இருப்போடு தொடங்குவார்கள். ஒரு பெட்டியை ஒரு வாரம் வைத்திருந்தால் அரை டாலர், கொடுக்க முடியாமல் பாக்கி நின்றால் ஒரு டாலர். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும்தான் போகும். வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி கேட்பார், ஐந்தாவது வாரத்திலிருந்து 8. அப்புறம் கடைசிவரை 8தான், மாறவே மாறாது. அந்த ஒரே ஒரு மாற்றத்துக்கு ஆலைக்காரர் போடும் ஆர்டர் 30ஐத் தாண்டுவது சாதாரணம், பிறகு பல வாரம் பூஜ்யம். ஏற்கெனவே போட்டு இன்னும் வந்து சேராத ஆர்டரை மறந்துவிட்டு மறுபடி ஆர்டர் போடுவதுதான் காரணம். ஆடும்போது வழியில் இருக்கும் சரக்கைத் தனித் தாளில் எழுதிக்கொண்டே வரச் சொல். கையிருப்பு, வழியில் வருவது இரண்டையும் கூட்டி, பாக்கியைக் கழித்துப் பார்த்துத்தான் ஆர்டர் போட வேண்டும். கடையில் நடந்த சின்ன மாற்றம் ஆலைக்குப் போவதற்குள் இப்படிப் பெரிதாவதற்குச் சாட்டை வீச்சு (புல்விப் எஃபெக்ட்) என்று பெயர். அதற்கான காரணங்களை ஹவ் லீயும் அவரோடு இரண்டு பேரும் 1997இல் எழுதிய கட்டுரை பாடத்தில் வரும். சுருக்கமான, தெளிவான கட்டுரை. மூலத்தையே படிக்கட்டும், நோட்ஸ் வேண்டாம்.

கப்பல் பக்கம் இன்கோடெர்ம்ஸ் 2020 என்று 11 விதி, செலவும் பொறுப்பும் எந்த இடத்தில் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறும் என்று சொல்பவை. அதில் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். உட்பட நான்கு, கப்பலுக்கு மட்டும் உரியவை. கன்டெய்னரை நாம் ஒப்படைப்பது கிடங்கில். எஃப்.ஓ.பி. என்று எழுதினால் கப்பலில் ஏறும்வரை சேதத்துக்கு நாம்தான் பொறுப்பு. நடுவில் யார்டில் மழைநீர் புகுந்தால் அந்த நஷ்டம் நம் தலையில். ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு மாறிவிடும் எஃப்.சி.ஏ.தான் பொருந்தும், ஆனாலும் 'எஃப்.ஓ.பி. தூத்துக்குடி' என்று எழுதும் பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

கன்டெய்னர் நிரப்புவதை மட்டும் தாளில் வரைந்து பார்க்கச் சொல். 40 அடிப் பெட்டியின் உள்ளளவு ஏறக்குறைய 1,203 செ.மீ. நீளம், 235 அகலம், 239 உயரம். கனஅளவு ஏறக்குறைய 67.6 கன மீட்டர். உன் அட்டைப்பெட்டி 58க்கு 38க்கு 40 என்றால், நீளத்தில் 20, அகலத்தில் 6, ஓர் அடுக்குக்கு 120. உயரத்தில் 5 அடுக்குதான், மேலே 39 செ.மீ. காலி. ஆக 600 பெட்டி. உயரத்தை 40இலிருந்து 38ஆக்கினால் 6 அடுக்கு, 720 பெட்டி. 60 பீஸ் பிடித்த பெட்டியில் 57தான் பிடிக்கிறது என்றாலும் 36,000 பீஸ் போன கன்டெய்னரில் 41,040 போகும். பையரின் பேக்கிங் ரேஷியோ (ஒரு பெட்டியில் எந்த சைஸ் எத்தனை என்ற விகிதம்) இடம் கொடுக்க வேண்டும், பெட்டியும் நடுவில் உப்பக் கூடாது, அதை ஒரு பெட்டி நிரப்பி அளந்துதான் சொல்ல முடியும். கனஅளவை மட்டும் வகுத்து "766 பெட்டி போகும்" என்று எழுதுகிற மாணவருக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

நேரம் நீளும்போது என்ன ஆகிறது என்பதற்குப் பழைய உதாரணம் தேட வேண்டாம். 2023 கடைசியிலிருந்து செங்கடல் பக்கம் தாக்குதலுக்குப் பயந்து கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனதில் ஐரோப்பாவுக்கான பயணம் பத்து நாள் கூடியது. உங்கள் திருப்பூரிலேயே 2011 ஜனவரியில் கழிவுநீர்ப் பிரச்சினையில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நூலும் இருந்தது, தையல்காரரும் இருந்தார், நடுவில் ஒரு கட்டம் நின்றதும் எல்லாம் நின்றது. ரிஸ்க் பாடத்துக்கு அதைவிட நல்ல கேஸ் எந்த அமெரிக்கப் புத்தகத்திலும் கிடையாது. சாயக் கழிவுநீர் விஷயம் பாடத்தில் கடைசி அத்தியாயமாக 'சஸ்டெய்னபிலிட்டி' என்று வரும், அதை முதல் அத்தியாயமாகப் படிக்கலாம்.

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தாய். எம்.ஐ.டி. இணையம் வழியாக நடத்தும் சப்ளை செயின் மைக்ரோமாஸ்டர்ஸில் ஐந்து பாடமும் கடைசியில் ஒரு பொதுத் தேர்வும் உண்டு. முதல் பாடம் புள்ளியியலும் ஆப்டிமைசேஷனும். அதை மட்டும் முதல் வருஷ விடுமுறையில் முடித்தால் போதும். சி.எஸ்.சி.பி. மாதிரி தொழில்முறைச் சான்றிதழ் எல்லாம் வேலைக்குப் போன பிறகு, முடிந்தால் கம்பெனி செலவில். எஸ்.ஏ.பி. (கம்பெனியின் சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பதியும் மென்பொருள்) பயிற்சி என்று பெரிய தொகை கேட்டால் கொடுக்காதே. அதில் ஒவ்வொரு சரக்கு நடமாட்டத்துக்கும் ஒரு எண்: ஆர்டருக்குச் சரக்கு வரவு 101, அதை ரத்து செய்ய 102, உற்பத்திக்கு எடுத்துக்கொடுக்க 261, ஒரு ஸ்டோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற 311. இந்த நான்கு எண்ணும் எந்தக் காகிதத்துக்குப் பதில் வந்தவை என்று புரிந்தால் திரையில் எந்தப் பொத்தான் என்பது இரண்டு நாளில் வந்துவிடும். காலேஜ் பிராஸ்பெக்டஸில் 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று இருந்தால், எந்தக் கம்பெனி என்று கேட்காதே, என்ன பதவி என்று கேள். பிளானர், பையர், டிமாண்ட் அனலிஸ்ட் என்றால் சரி. சேல்ஸ் எக்சிக்யூட்டிவ் என்றால் படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை.

முதல் வருஷ முடிவில் எட்டு வாரம் இன்டர்ன்ஷிப் வரும். நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, 'மிகவும் திருப்தி, திருப்தி' என்று வட்ட வரைபடம் போட்டு நூறு பக்கம் பைண்டிங் செய்யும் வேலை வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு பொருளை எடுக்கட்டும். முதல் இரண்டு வாரம் அதன் ஆர்டர் தேதி, வந்த தேதி, வந்த எண்ணிக்கை, நிராகரித்த எண்ணிக்கை நான்கையும் காகிதத்திலிருந்து எக்செல் தாளில் ஏற்ற வேண்டும். மூன்றாம் வாரம் ஸ்டோரில் நின்று எண்ணிப் பார்த்து, கம்ப்யூட்டர் இருப்போடு ஒப்பிட வேண்டும், எத்தனை வித்தியாசம் வந்தாலும் ஸ்டோர்கீப்பரைக் குற்றம் சொல்லாமல். நான்காவதில் மேலே சொன்ன சேஃப்டி ஸ்டாக் கணக்கு. மிச்சம் நாலு வாரம், அந்த நாட்கள் ஏன் 7க்கும் 12க்கும் ஆடுகின்றன என்று பெட்டிக்காரரின் வாசலில் போய்க் கேட்பது.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. ஆடிட் முடிந்ததும் பழைய டி.சி. கட்டுகளை எடைக்குப் போடுவாய் என்று தெரியும். கடந்த இரண்டு வருஷத்துக் கட்டை மட்டும் தனியாக எடுத்து, முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பரணில் போட்டு வை. பாப்பா தேதியை எல்லாம் எழுதி எடுத்த பிறகு பேப்பர்காரரைக் கூப்பிடலாம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
நடராஜ்