பிரின்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையத்தில் சிறுவர்களுக்கு எதிராக நடக்கும் குற்றங்களை விசாரிக்கப் பொலிஸாருக்குப் பயிற்சி கொடுத்த செய்தியைச் சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் படித்தேன். குத்துவிளக்கு ஏற்றும் படம் நன்றாக வந்திருக்கிறது. எனக்கு உறுத்தியது கடைசி வரி. பெற்றோர் விழிப்பாக இருந்தால் இப்படியானவை நடக்கவே நடக்காது என்று பேசியவர் ஒருவர் சொன்னாராம். அப்படியானால் பொலிஸாருக்குப் பயிற்சி எதற்கு? அந்த வடையையும் தேநீரையும் பெற்றோருக்கே கொடுத்து அனுப்பியிருக்கலாமே.

நாங்கள் விழிப்பாகத்தான் இருந்தோம், ஐயா. 2021இல் பாடசாலை பூட்டி, எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஸூம் வகுப்புக்கென்று போன் இருந்த காலம். என் பெறாமகளுக்குப் பதினாலு வயது. பெண் பிள்ளையின் படம் போட்ட ஒரு கணக்கோடு சிநேகமானாள். அது பெண் பிள்ளை இல்லை என்று தெரிந்து, நம்பி அனுப்பிய படத்தை வைத்து மிரட்டல் வந்த இரண்டாம் நாளே தாயிடம் வந்து சொல்லிவிட்டாள். ஒரு பிள்ளை இதற்கு மேல் என்ன செய்யும்? மறுநாள் காலையே தங்கச்சியும் பிள்ளையும் நானும் பொலிஸுக்குப் போனோம். எந்த நிலையம் என்று எழுதவில்லை. எழுதினாலும் வெட்டிவிடுவீர்கள்.

மேசையில் இருந்தவர் கெட்ட மனிதர் இல்லை. கதிரை போட்டுத் தந்தார். போனை நீட்டியபோது வாங்கவில்லை. ஃபைலில் போட வேண்டும், பிரின்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். எதை? காலி வீதிக் கொமினிகேஷன் கடையில், டியூஷன் டியூட் போட்டோகொப்பி எடுக்க நிற்கும் பெடியன்களுக்கு நடுவில், எங்கள் பிள்ளையின் அந்தப் படத்தையா? தங்கச்சி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடை வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். சரி, அப்படியென்றால் என் வட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள் என்றார் அவர். சொந்த நம்பர்! பிள்ளைகளின் இப்படியான படத்தை வைத்திருப்பதே குற்றம் என்று தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவு 1995 முதல் சொல்கிறது. முறைப்பாடு கொடுக்கப் போன இடத்திலேயே படத்துக்கு இன்னும் இரண்டு பிரதி உண்டாகப் பார்த்தது.

பிறகு பிள்ளை கதையைச் சொன்னாள். முதலில் மேசையில், பிறகு உள்ளே பெண் உத்தியோகத்தரிடம், பிறகு இன்னொரு பெரியவரிடம். மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த ஸ்டேப்லரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சிறு பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 1999இலேயே சாட்சியச் சட்டத்தைத் திருத்தினார்கள். அன்று யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. பஸ் கொண்டக்டரோடு சண்டை பிடிக்கிற அளவுக்கு எங்களுக்குச் சிங்களம் தெரியும், வாக்குமூலம் வாசிக்கிற அளவுக்குத் தெரியாது. பிள்ளை கையெழுத்து வைத்தாள். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் சொன்னது. அதற்குப் பிறகும் வெள்ளவத்தையில் வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸ் பதிவு கேட்ட காலமெல்லாம், வாசிக்கத் தெரியாத படிவங்களில் நானே எத்தனை கையெழுத்து வைத்திருப்பேன். அந்தப் பழக்கம் என்னோடு முடியும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் எழுதிய அந்தப் பயிற்சியில் தமிழில் விசாரிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கணக்கின் பெயரையும் படத்தையும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம், லிங்கையும் அதன் பின்னால் இருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று என் மகன் போனில் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. பொலிஸில் அதை யாரும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் போனபோது அந்தக் கணக்கு இப்போது இல்லை என்றார்கள். அது எங்களுக்கும் தெரியும். தகவலை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி அறிவித்தல் கொடுக்க 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2015இல், கணினிக் குற்றங்களை நாடுகள் சேர்ந்து விசாரிப்பதற்கான புடாபெஸ்ட் சாசனத்தில் சேர்ந்து, தென்னாசியாவில் நாங்கள்தான் முதல் என்று பெருமையும் பட்டோம். அமெரிக்கக் கம்பனிகள் தங்கள் தளங்களில் காணும் இப்படியான படங்களை அந்த நாட்டு நிலையம் ஒன்றுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அங்கிருந்து நாடு நாடாகத் தகவல் போகிறது. கடல் தாண்டி வரும் முறைப்பாட்டுக்கு வழி இருக்கிறது, பத்து நிமிடம் நடந்து வரும் பிள்ளைக்குத்தான் பிரின்ட் வேண்டியிருக்கிறது.

உங்களையும் விட முடியாது. கொஞ்சக் காலத்துக்கு முன் வேறொரு பிள்ளையின் வழக்கில், பெயரை மறைத்துவிட்டு ஊர், பாடசாலை, வகுப்பு, தகப்பனின் தொழில் எல்லாவற்றையும் அச்சிட்டீர்கள். இதற்குப் பெயர் மறைப்பா? அந்தச் செய்தியிலும் ‘ஆபாசப் படம்’ என்றுதான் எழுதினீர்கள். பிள்ளையை வதைத்து எடுத்த படத்துக்கும் சினிமாக் கொட்டகைப் போஸ்டருக்கும் உங்களுக்கு ஒரே சொல்தான் அகப்படுகிறது. இதை அப்போதும் எழுதினேன். நீங்கள் போடவில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இனி இப்படியான செய்தி போடும்போதெல்லாம், விளக்கு ஏற்றும் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, பக்கத்தில் ஒரு பெட்டி போடுங்கள்: தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. லிங்கையும் திகதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எதையும் அழிக்க வேண்டாம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம், கேட்பவர் சீருடையில் இருந்தாலும்.

என் பெயரைப் போட வேண்டாம். பிள்ளை இப்போது பல்கலைக்கழகம் போக இருக்கிறாள், எங்கள் தெருவில் எல்லோரும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

வாசகி,
கொழும்பு 06