அம்மாவுக்கு நடந்தால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் தாய்மை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். யாராவது தவறாகத் தொட்டால் உடனே அம்மாவிடம் சொல்லும்படி மகளைப் பழக்குங்கள் என்று முடித்திருக்கிறார்கள். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டுரை நெடுக அம்மா வெறும் காதாகத்தான் இருக்கிறாள். அவளுக்கே அப்படி நடந்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

எனக்கு நடந்தபோது மகளுக்கு மூன்று வயது. ஆள், என் மேலதிகாரி. என்ன செய்தார் என்று எழுதப்போவதில்லை. உங்கள் வாசகிகளுக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்காது. மகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து புகார் எழுதினேன். காலையில் அவள் அந்தத் தாளை எடுத்துப் பச்சை கிரேயானால் ஒரு யானை வரைந்துவிட்டாள். 'மேற்படி நபர் என்னை' என்ற வரிக்குக் குறுக்கே தும்பிக்கை. மறுபடி எழுத மூன்று நாள் ஆயிற்று.

விசாரணையில் தேதி, இடம் எதுவும் கேட்பதற்கு முன்னால் கேட்டது: "குழந்தை இருக்கா?" இருக்கிறது என்றேன். கேட்ட அம்மையார் பேனாவை மூடி வைத்தார். "அப்ப நல்லா யோசிச்சுக்குங்கம்மா." வீட்டில் என் அம்மாவும் அதையேதான் சொன்னார்: "புள்ளைய நெனச்சுப் பாரு." பிள்ளையை நினைத்துத்தான் எழுதினேன் என்று இருவரிடமும் வாதாடினேன். அது முழு உண்மையில்லை. எனக்குக் கோபம், அவ்வளவுதான். அதற்குக்கூடப் பிள்ளையைச் சாக்காகக் காட்ட வேண்டியிருந்ததே என்பது இப்போதும் உறுத்துகிறது. மகளுக்காகப் போய் நின்றிருந்தால் வீரத்தாய் என்றிருப்பார்கள். எனக்காக நின்றதால் குடும்பத்தை யோசிக்காதவள் ஆனேன்.

பணியிடத்தில் நடப்பதற்குப் 'பாலியல் தொல்லை' என்ற பெயர் வந்த வரலாற்றிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கார்மிட்டா வுட் என்பவர் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். 44 வயது, தன் பிள்ளைகளில் இருவரைத் தன் சம்பளத்தில்தான் வளர்த்துவந்தார். அங்கிருந்த பெரிய விஞ்ஞானி ஒருவர் லிஃப்டில் மடக்கி முத்தமிட்ட பிறகு, அவர் கண்ணில் படாமல் இருக்கப் படியேறிப் போய்வந்தாராம். உடம்பு கெட்டு, கடைசியில் வேலையையும் விட்டார். வேலையிழந்தோருக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, ஏன் விட்டீர்கள் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். கூச்சத்தில் 'சொந்தக் காரணம்' என்றார். தொகை மறுக்கப்பட்டது. அவருக்காகக் கூடிய பெண்கள்தான் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று உட்கார்ந்து பேசி, அந்தச் சொல்லைப் பிடித்தார்கள். 1975 மே மாதம் இதாக்கா நகரில் கூட்டம் போட்டு, பெண்கள் மேடையேறித் தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். பெயர் கிடைத்ததே தவிர, வுட்டுக்குப் பணம் கிடைக்கவில்லை. மேல்முறையீட்டிலும் தோற்றார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் லிஃப்டையும் கூட்டத்தையும் விடுவதில்லை. அவரை நம்பியிருந்த இரண்டு பிள்ளைகளைத்தான் விட்டுவிடுகிறார்கள். அவர் அத்தனை நாள் படியேறியதற்கு அந்தப் பிள்ளைகளின் வயிற்றுப்பாடும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. என் விஷயத்தில் அப்படித்தான்.

அடுத்த ஆண்டே, 1976இல், மூன்று மகன்களைப் பெற்ற கவிஞர் அட்ரியன் ரிச் தாய்மையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்: ஒரு பெண் வாழ்ந்து அறியும் தாய்மை ஒன்று, சமூகம் ஒரு நிறுவனமாகக் கட்டி நடத்தும் தாய்மை இன்னொன்று. விசாரணை அறையில் பேனாவை மூடியது அந்த இரண்டாவதுதான். உங்கள் கட்டுரையில் முதலாவது இல்லை. அது இருந்திருந்தால், அலுத்துப்போன, பயந்த, தன் உடம்பின் மேல் உரிமையுள்ள ஓர் அம்மா அங்கே தட்டுப்பட்டிருப்பாள்.

சொல்வதைக் கேட்கும் காதுக்கும் அடிபட்டிருக்கும். 2006இல் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்காக 'மீ டூ' ('எனக்கும்தான்') என்ற சொல்லை எடுத்த அமெரிக்கச் செயற்பாட்டாளர் தரானா பர்க், அதன் தொடக்கத்தைப் பற்றி மறைக்காமல் பேசியிருக்கிறார். இளையோர் முகாம் ஒன்றில் ஒரு சிறுமி, தன் அம்மாவின் ஆண் நண்பர் தன்னிடம் நடந்துகொண்டதைச் சொல்ல ஆரம்பிக்கிறாள். பர்க்கால் கேட்க முடியவில்லை. பாதியில் நிறுத்தி, வேறொருவரிடம் அனுப்பிவிடுகிறார். தானும் சிறுவயதில் பாதிக்கப்பட்டவர் என்பதால், 'எனக்கும் நடந்தது' என்ற வார்த்தை வாய்வரை வந்தும் வெளியே வரவில்லை. 2017இல் உலகம் முழுக்கப் பரவிய அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால், கேட்க முடியாமல் போன ஒரு பெண் இருக்கிறார். 'மகள் சொன்னால் கேளுங்கள்' என்று அம்மாக்களுக்குக் கட்டளையிடுகிறவர்கள் இதை ஒருமுறையாவது யோசிக்கலாம்.

என் அம்மா பற்றியும் ஒன்று. "புள்ளைய நெனச்சுப் பாரு" என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். அவருக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

தொடர் இன்னும் சில இதழ்கள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். மகள்களிடம் எப்படிப் பேசுவது என்பதோடு, அம்மாக்கள் தங்களுக்கு நடந்ததை எழுதவும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பெயர் போட்டுத்தான் எழுத வேண்டும் என்று கேட்காதீர்கள். இவ்வளவும் எழுதிவிட்டு என் பெயரையும் மறைக்கத்தான் சொல்கிறேன். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தன் பெயருக்குப் பின்னால் என் பெயரைப் போடுகிறவள். இதை அச்சில் பார்ப்பதற்கு முன், யானை வரைந்த அந்தத் தாளை நானே அவளிடம் காட்ட வேண்டும். பத்திரமாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி